தலை முறிந்த போல்ட்டும் மாமன் மடியும்

தொட்டிக்காட்டுவலசில் அறிவில்லாதவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. ஆளாளுக்கு அறிவு இருக்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்து போய்விடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் அந்த ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்த ஊரில் பொங்கியண்ணன் என்று ஒருவர். சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுபவர், நல்ல மனுசர். ஆளைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது வயிறு. “நான் வாசல்ல நொழைஞ்சா மொதல்ல அது வரும், பொறவு சித்த நேரங்கழிச்சு நான் வருவேன்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதையே அவருடைய தங்கை வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி சொன்னால் மட்டும் சிரிக்க மாட்டார்.

பொங்கியண்ணனுக்குப் பங்காளிகள் மூன்று பேர். மூத்தவர் செங்கோடன், கண்ணாடி போட்டிருந்ததால் ஊரில் படித்தவர் என்று பெயர். அடுத்தவர் சென்னியப்பன், வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். எல்லாருக்கும் இளையவர் நாச்சிமுத்து; நல்ல நேரமும் சூலமும் பார்க்காமல் செருப்புக்கூடப் போட மாட்டார். நாலு பேருக்கும் பொதுவாக ஒரே கிணறு. கூட்டுக் கிணறு என்றால் முறைதான் சட்டம். இன்றைக்கு இவர் தண்ணீர் பாய்ச்சினால் நாளைக்கு அவர். தன் முறையை ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஐப்பசி மழையில் தன் முறை இல்லாதவர் காட்டில் மழை பெய்யலாமா கூடாதா என்று ஒருதடவை நாலு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

பொங்கியண்ணனின் தங்கை சாந்தாமணிக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை. கடைசியில் யாழினி பிறந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த அன்று பொங்கியண்ணன் டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதார். இப்போது அவளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் மடியில்லாமல் காதில் ஊசி ஏறாது. தனக்கு மடி என்று ஒன்றை ஆண்டவன் கொடுத்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று பொங்கியண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார். வயிற்றுக்குப் போக மிச்சமிருந்த மடி கொஞ்சம்தான் என்பது வேறு விசயம்.

வம்பு வந்தது அழைக்க வந்த அன்றைக்கு. ஈஸ்வரமூர்த்தி புதிதாக வாங்கிய வெள்ளைக் காரில் சாந்தாமணியோடு வந்து இறங்கினார். வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, “மச்சான் வழக்கம்போல டிராக்டர்லயே சீர் கொண்டாந்துருங்க. காருன்னா உங்களுக்கு எடம் பத்தாதுங்க” என்றார்.

“நான் காருலதான் வருவேன் மாப்பிள்ளை. அதும் கடையில வாங்குன காரு இல்லை. நானே செஞ்ச காரு” என்றார் பொங்கியண்ணன்.

சொல்லி முடித்த பிறகுதான் தனக்குக் கார் செய்யத் தெரியாது என்பது அவருக்கு நினைவு வந்தது. சாந்தாமணி போகும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, நீங்க எதுல வேணா வாங்க. நடந்துகூட வாங்க. முகூர்த்தத்துக்கு முன்ன வந்து மணையில உக்காந்தாப் போதும்” என்றாள். அவளுக்கு அண்ணனைத் தெரியும்.

விசாரித்துப் பார்த்ததில், காரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள், வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்தது. நாலு பங்காளிகளும் கூட்டுச் சேர்ந்து வரவழைத்தார்கள். பெட்டிகள் சென்னியப்பன் பட்டறையில் வந்து இறங்கின. கூடவே தமிழில் ஒரு விளக்கப் புத்தகமும் இருந்தது. செங்கோடன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இதுல என்ன போட்டிருக்குதோ அதைத்தான் செய்யறோம். ஒரு எழுத்துக் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது” என்றார்.

முதல் வரி, ‘பெட்டியைக் கவனமாகத் திறக்கவும்’ என்றிருந்தது. நாலு பேரும் பெட்டியைச் சுற்றி நின்று கவனித்தார்கள். வெகு நேரம் கவனித்தார்கள்.

“கவனமா இருக்கறமுங்க. தெறக்கறது யாருங்ணா?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“தெறக்கறவன் ஆணியப் பாக்கோணும். ஆணியப் பாத்தாப் பொட்டியக் கவனிக்க முடியாது” என்றார் செங்கோடன். பிறகு மூன்று பேர் கவனிப்பது, ஒருவர் கவனிக்காமல் திறப்பது என்று முறை போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வரி, ‘சிறிய பாகங்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ பட்டறையில் குழந்தையே இல்லை. இருந்தாலும் போட்டிருக்கிறதே. நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் சாக்கில் போட்டுத் தென்னை மரத்தின் உச்சியில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் ஒருவர் மரம் ஏற வேண்டியிருந்தது. பொங்கியண்ணனின் முறை வந்தபோது அவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் மரமும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. “மரம் வழுக்குது” என்று சொல்லிவிட்டு வந்தார்.

இருக்கையைப் பொருத்தும் பக்கத்தில், ‘அடியில் உள்ள கம்பியை இழுக்காமல் இருக்கையைப் பொருத்தவும்’ என்று போட்டிருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் வளைந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் இழுக்கவில்லை. பொருத்தி முடித்த பிறகும் இழுக்கவில்லை. எப்போது இழுக்கலாம் என்று புத்தகத்தில் இல்லாததால் இனி எந்தக் காலத்திலும் இழுக்கக் கூடாது என்று செங்கோடன் முடிவு சொன்னார்.

“இழுக்கக் கூடாது செரி, எதையாச்சும் மாட்டலாங்களா?” என்றார் நாச்சிமுத்து.

செங்கோடன் யோசித்தார். “மாட்டறது இழுக்கறதாகாது” என்றார். அன்றிலிருந்து அந்தக் கம்பியில் அவர்களுடைய சோற்றுப் பை தொங்கியது.

இப்படியே போய், காதுகுத்துக்கு முதல் நாள் முன் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்புவதற்கு இரும்புக் கை இரண்டு உண்டு. இடது கை, வலது கை என்று புத்தகம் சொன்னது. இங்கேதான் தகராறு. எங்கள் ஊரில் ஒருவரும் இடது வலது சொல்வதில்லை. இலையில் உப்பை வைக்கும்போதுகூட, “சித்த மேக்கால தள்ளி வை” என்றுதான் சொல்வோம்.

கார் தெற்கே பார்த்து நின்றிருந்தது. “தெக்க பாத்து நின்னா எடது கைப்பக்கம் கெழக்கு, வலது கைப்பக்கம் மேக்கு” என்று செங்கோடன் சரியாகவே சொன்னார். அப்படிச் சரியாகச் சொல்வது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. சென்னியப்பன் ஒரு கையின் மேல் சாக்பீஸால் ‘கிழக்கு’ என்றும் இன்னொன்றின் மேல் ‘மேற்கு’ என்றும் எழுதினார்.

அப்போது நாச்சிமுத்து, “தெக்க பாத்து நிக்கற வண்டிக்கு ஸ்டேரிங் வேலை செய்யலாமுங்களா? அது எமன் தெசைங்ணா” என்றார்.

நல்ல காரியத்துக்குப் போகும் வண்டி. நாலு பேரும் சேர்ந்து காரைத் தூக்கி வடக்கே பார்த்து வைத்தார்கள். பிறகு ‘கிழக்கு’ என்று எழுதியதைக் கிழக்கே பூட்டினார்கள், ‘மேற்கு’ என்று எழுதியதை மேற்கே பூட்டினார்கள். காரைத் திருப்பியவர்கள் சாக்பீஸ் எழுத்தைத் திருப்பவில்லை. பூட்டி முடித்துவிட்டுத் தூர நின்று பார்த்துத் திருப்தியாக வெற்றிலை போட்டார்கள்.

காதுகுத்து அன்று விடிந்ததும் ஸ்டீயரிங் தண்டைப் பூட்ட நேரம் குறித்திருந்தார் நாச்சிமுத்து. மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். பொங்கியண்ணன் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, மாமனுக்குரிய சட்டையில் வந்தார். செங்கோடன் படித்தார்: ‘ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த நிலையில், ஸ்டீயரிங் அவருக்கு வாகாக அமையுமாறு தண்டை நிறுத்திப் பொருத்தவும்.’

நாலு பேரில் டிராக்டராவது ஓட்டத் தெரிந்தவர் பொங்கியண்ணன் ஒருவர்தான். அவர் போய்ச் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கு ஈஸ்வரமூர்த்தியின் நினைப்பு வந்துவிட்டது. இடம் பத்தாது என்றாரே. அதற்காக வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்பவர் மாதிரி உட்கார்ந்தார். அந்த வயிற்றுக்குத்தான் சென்னியப்பன் அளவு எடுத்தார்.

“வாகா இருக்குதுங்களா?” என்றார் சென்னியப்பன்.

மூச்சைப் பிடித்திருந்ததால் பொங்கியண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வரியைப் படித்துவிட்டுச் செங்கோடன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். திரும்ப எடுத்துப் படித்தார். ‘நாலு போல்ட்டுகளையும் அவற்றின் தலை முறிந்து விழும் வரை இறுக்கவும். அதன் பின் திருடர்களால் தண்டைக் கழற்ற முடியாது.’

“தலையை முறிக்கறதுங்களா? புதுப் போல்ட்டுங்ணா” என்றார் சென்னியப்பன். அவருக்கு இரும்பின் மேல் பாசம் அதிகம்.

“போட்டிருக்குது” என்றார் செங்கோடன்.

“ஸ்டேரிங் ராடைத் திருடறவன் காரையே கொண்டு போக மாட்டானுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“காரைக் கொண்டு போயிட்டான்னு வெய்யி. போயி என்ன பண்ணுவான்? ஸ்டேரிங்கைக் கழட்ட முடியாது. ஏமாந்து போவான்” என்றார் செங்கோடன். இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

நாலு போல்ட்டு, நாலு பங்காளி. ஆளுக்கு ஒன்று. செங்கோடன் இறுக்கினார்; தலை டக்கென்று முறிந்து விழுந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினார். நாச்சிமுத்து கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறுக்கினார். நாலாவது போல்ட்டு பொங்கியண்ணனின் முறை. அது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் நினைத்திருந்தால் இறங்கியிருக்கலாம்.

“நீங்க எறங்கிக்குங்க, நாலாவதையும் நானே முறிச்சுப் போடறேன்” என்று சென்னியப்பன் சொல்லத்தான் செய்தார்.

“என்ற முறையை நான் எதுக்கு விட்டுக்குடுக்கறேன்? ஸ்பேனரைக் குடு” என்றார் பொங்கியண்ணன்.

உட்கார்ந்தபடியே கையை உள்ளே விட்டு இறுக்கினார். நாலு பேரில் அவர்தான் பலசாலி. ஒரே இழுப்பில் தலை முறிந்து விழுந்தது. அவருக்கு அன்றைக்கு வந்த பெருமை சின்னப் பெருமை இல்லை. முறிந்த தலையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி ருக்மணி இட்லித் தூக்கோடு வந்தாள். பெண்கள் சீர்த்தட்டுகளோடு டிராக்டரில் ஏறிக் காத்திருந்தார்கள்; யாரோ ஒரு சித்தப்பா ஓட்டினார். “தோடு இருக்கற பை இது. பத்திரம்” என்று ருக்மணி ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தாள். நாச்சிமுத்து அதை வாங்கி, சோற்றுப் பையை எடுத்துவிட்டு, சீட்டுக்கடியில் கம்பியில் மாட்டி, விழாமல் இருக்க இரண்டு முடிச்சும் போட்டார். டிராக்டர் முன்னால் போனது. பொங்கியண்ணன் இருந்த இடத்திலேயே இட்லி சாப்பிட்டார். மனசு நிறைந்திருந்ததால் கொஞ்சம் கூடவே சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவ இறங்கப் பார்த்தார். முடியவில்லை. பிடித்திருந்த மூச்சை அவர் விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. வயிறு தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, ஸ்டீயரிங் வளையத்துக்கு அடியில் வாகாக உட்கார்ந்திருந்தது.

“மூச்சை இழுத்துட்டு எறங்குங்க” என்றார் சென்னியப்பன்.

பொங்கியண்ணன் இழுத்தார். இறங்குவதற்காகக் கையை ஊன்றினார். மூச்சு வெளியே வந்துவிட்டது. திரும்ப இழுத்தார், திரும்ப ஊன்றினார். மூச்சோடு ஒரு இட்லியும் வரப் பார்த்ததால் நிறுத்திக்கொண்டார்.

“போல்ட்டைக் கழட்டீரலாம்” என்றார் நாச்சிமுத்து.

“கழட்ட முடியாதுன்னு போட்டிருக்குதே.”

“திருடனுக்குத்தானுங்களே அப்படிப் போட்டிருக்குது? நாம திருடனில்லையே.”

செங்கோடன் புத்தகத்தைப் பார்த்தார். திருடன் என்றுதான் இருந்தது. நல்லவர்களுக்குக் கழலும் என்ற நம்பிக்கையில் மூன்று பேரும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தார்கள். பிடிப்பதற்குத் தலையே இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

சென்னியப்பன் கேஸ் கட்டரை எடுத்து வந்தார். “ராடை அறுத்துப் போடறேன். சித்த நேரம்.”

பொங்கியண்ணன் கட்டரைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். அறுத்தால் இறங்கலாம். ஆனால் அறுத்த வண்டி ஓடாது. நடந்துதான் போக வேண்டும், ஈஸ்வரமூர்த்தி வாசலில் நின்று பார்ப்பார். “சாயங்காலம் அறுத்துக்கலாம். என்னிக்கிருந்தாலும் காருல ஏறிப் போறவன் உக்காந்துதான போகோணும்? நான் உக்காந்திருக்கறேன். எடுங்க, கெளம்பலாம்” என்றார். குழந்தை உட்கார மடி என்று ஒன்று வேண்டுமே என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள்.

கார் கிளம்பிவிட்டது. அது கிளம்பியதில் நாலு பேருக்கும் ஒரு மாதிரி பயம்கூட வந்தது. பட்டறை வாசலில் வலது பக்கம் ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. அதை ஒதுக்குவதற்காகப் பொங்கியண்ணன் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினார். கார் நேராகப் போய் ஆட்டுக்கல்லில் முட்டி நின்றது.

“கெழக்கால கல்லு கெடக்குது, மேக்கால ஒடிங்கன்னா நீங்க கெழக்கால போறீங்க” என்றார் செங்கோடன்.

“நான் மேக்காலதாங்ணா ஒடிச்சேன். வண்டி கெழக்கால போவுது.”

பின்னால் எடுத்து இன்னும் ஒருமுறை பார்த்தார்கள். இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் போனது. இது வண்டியின் குணம் என்றும், குணத்தை மாற்ற முடியாது, அனுசரித்துத்தான் போக வேண்டும் என்றும் செங்கோடன் சொன்னார். சென்னியப்பன் சாக்பீஸை எடுத்து ஸ்டீயரிங்கின் இடது பக்கம் ‘கிழக்கு’ என்றும் வலது பக்கம் ‘மேற்கு’ என்றும் எழுதினார். வடக்கே பார்த்து நின்ற காருக்கு அது மிகச் சரியாக இருந்தது. போக வேண்டிய அண்ணமார் கோயிலும் வடக்கேதான் இருந்தது. பொங்கியண்ணன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

குளத்து மேட்டில் பாதை கிழக்கே திரும்பியது. ‘கிழக்கு’ என்று எழுதிய பக்கம் திருப்பினார்; கார் அழகாகக் கிழக்கே போனது. நாலு பேரும் ஒரு சேரத் தலையாட்டிக்கொண்டார்கள். கொஞ்ச தூரத்தில் பாதை மறுபடி வடக்கே திரும்பியது. பொங்கியண்ணன் பிரேக்கைப் போட்டார்.

“ஏன் நிறுத்தீட்டீங்க?”

“வடக்கால போகோணும். ஸ்டேரிங்குல வடக்கு இல்லீங்களே.”

எட்டிப் பார்த்தார்கள். இல்லைதான். கிழக்கும் மேற்கும் மட்டுமே இருந்தன. வடக்கை எங்கே எழுதுவது, மேலேயா கீழேயா என்று பேசினார்கள். மேலே எழுதினால் அந்தப் பக்கம் திருப்புவது எப்படி என்று பொங்கியண்ணனுக்குத் தெரியவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. “என்ற கொழந்தை காத்துட்டு இருக்கும். எதாச்சும் பண்ணுங்க” என்றார்.

அவருடைய குரலைக் கேட்டதும் மூன்று பேரும் இறங்கினார்கள். நேற்றுப் பட்டறையில் தூக்கித் திருப்பியது நினைவிருந்தது. காரைத் தூக்கினார்கள். நேற்று வெறும் கார், இன்று உள்ளே பொங்கியண்ணன். நாச்சிமுத்துவுக்கு முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரும் கை கொடுத்தார். வடக்கே பார்த்து வைத்தார்கள், ஏறினார்கள், ஓட்டினார்கள். அடுத்த வளைவில் இறங்கினார்கள், தூக்கினார்கள். “நான் இன்னிக்கு அத்தனை இட்லி தின்னிருக்கக் கூடாது” என்று பொங்கியண்ணன் ஒவ்வொரு வளைவிலும் மன்னிப்புக் கேட்டார்.

கோயில் வாசலுக்குக் கடைசி வளைவு. மேளம் நின்றது. சனம் திரும்பிப் பார்க்க, மூன்று பேர் தூக்கி வந்து வைத்த காருக்குள் பொங்கியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஈஸ்வரமூர்த்தி வந்து பார்த்தார். “இது ஓடுதுங்களா, இல்லை தூக்கீட்டே வாரீங்களா?”

“நேருல ஓடும். வளைவுல தூக்கோணும்” என்றார் சென்னியப்பன், ஒளிவு மறைவு இல்லாமல்.

காது குத்தும் ஆசாரி மணையைப் போட்டு ஊசியைத் துடைத்து வைத்திருந்தார். “மாமனை வந்து உக்காரச் சொல்லுங்க. நேரம் போவுது” என்றார். எல்லாரும் காரைப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் அசையவில்லை.

“எறங்குங்க மச்சான்” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“எறங்க முடியாதுங்க மாப்பிள்ளை” என்றார் பொங்கியண்ணன். சத்தமாகச் சொல்ல வெட்கமாக இருந்ததால் குனிந்தபடி சொன்னார்.

அவ்வளவுதான். மாமன் கோபித்துக்கொண்டார், மரியாதை பத்தவில்லை, இறங்க மாட்டேன் என்கிறார் என்று பந்தல் முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. தாய்மாமன் கோபித்துக்கொண்டால் எங்கள் பக்கம் வீடே ஆடிப்போகும். ஈஸ்வரமூர்த்தியின் சித்தப்பா ஒருவர் தட்டில் வெற்றிலை பாக்கும் துண்டும் வைத்துக் கொண்டு வந்தார். இறங்கவில்லை. மாலை கொண்டு வந்து கழுத்தில் போட்டார்கள். இறங்கவில்லை. கடைசியில் நாலு பெரியவர்கள் ஈஸ்வரமூர்த்தியைப் பிடித்து, “நீதானப்பா டிராக்டரு, எடம் பத்தாதுன்னு எதோ பேசிப்போட்ட. போய் மன்னிப்புக் கேட்டுக்கோ” என்றார்கள். அவர் கார்க் கதவருகே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“வெளையாட்டுக்குச் சொன்னதுங்க மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க. எறங்கி வாங்க.”

இத்தனை நாளாகப் பொங்கியண்ணன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டபோது அவருக்குச் சந்தோசம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. மாலையும் துண்டுமாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீங்க சொன்னதுதாங்க மாப்பிள்ளை நெசம். எனக்குக் கோவமில்லை. எடந்தான் பத்தலை” என்றார்.

அப்போதுதான் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வயிறு எங்கே முடிகிறது, ஸ்டீயரிங் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஈஸ்வரமூர்த்திகூடச் சிரிக்கவில்லை.

சாந்தாமணி குழந்தையோடு வந்தாள். “எறங்க வேண்டாங்ணா. கொழந்தைய உள்ள குடுக்கறேன், காருலயே உக்காந்து குத்திக்கலாம்” என்றாள். யாழினியை உள்ளே நீட்டினாள். வைக்க இடமில்லை. வயிற்றின் மேல் வைத்தால் வழுக்கியது. மடி எங்கோ அடியில் கிடந்தது. மாமனின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழந்தை சிரித்தது. பொங்கியண்ணன், “நான் ஒரு கூறுகெட்டவன் சாந்தா. போல்ட்டுக்கு மொறை பாத்தேன், மடிக்கு யோசிக்கலை” என்றார்.

“நேரம் முடியப் போவுதுங்க. தோட்டையாச்சும் குடுங்க” என்றார் ஆசாரி.

“தோடு எங்கீங்ணா?” என்று கேட்டாள் சாந்தாமணி.

“சீட்டுக்கடியில மாட்டியிருக்குது.”

சாந்தாமணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து கையை விட்டாள். மஞ்சள் பை சிக்கியது. இழுத்தாள், வரவில்லை. நாச்சிமுத்து போட்ட முடிச்சு. அண்ணன் மேல் இருந்த கோபம், நேரம் போகிற கோபம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வெட்டாக மேலே இழுத்தாள்.

கம்பி கிரீச்சென்றது. பொங்கியண்ணன் சீட்டோடு சறுக்கிக்கொண்டு பின்னால் போனார். வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு இடம் பிறந்தது. அந்த இடத்தில் மடி இருந்தது.

சாந்தாமணி குழந்தையை அந்த மடியில் உட்கார வைத்தாள். ஆசாரி கதவு வழியாகத் தலையை விட்டு முதல் காதில் குத்தினார். யாழினி அழவில்லை, எதிரே இருந்த ஸ்டீயரிங்கைப் பிடித்து ஹாரனை அமுக்கினாள். இரண்டாவது காதுக்கும் அமுக்கினாள். அழுததெல்லாம் மாமன்தான். காரியம் முகூர்த்தத்துக்குள் முடிந்தது. பொங்கியண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நடந்து, பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஈஸ்வரமூர்த்தி பக்கத்திலேயே நின்று குழம்பு ஊற்றினார்.

மற்ற மூன்று பங்காளிகளுக்குச் சோறு இறங்கவில்லை. காரைச் சுற்றி நின்று அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இழுக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. இழுத்துப்போட்டாங்க” என்றார் செங்கோடன்.

“சீட்டு ஓடுதுங்ணா. வண்டி ஓடலாம், சீட்டு ஓடலாமுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“பின்னால போனா அவருக்குப் பிரேக்கும் எட்டாது. நெனைச்சாலே ஈரக்குலை நடுங்குது” என்றார் சென்னியப்பன்.

சாயங்காலம் டிராக்டரில் கட்டிக் காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பொங்கியண்ணனிடம் ஆபத்தை விளக்கினார்கள். அவருக்கும் பகீரென்றது. இந்தச் சீட்டை நம்பி நாளைக்கு யாழினியை எப்படி ஏற்றிக்கொண்டு போவது? செங்கோடன் புத்தகத்தைத் திறந்து, ‘ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த நிலையில்’ என்ற வரியை மறுபடி படித்தார். பொங்கியண்ணன் மூச்சைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். மூன்று பேரும் சீட்டைத் தள்ளி, காலையில் இருந்த இடத்துக்கே சரியாகக் கொண்டு வந்தார்கள். சீட்டுக்கு அடியில் நாலு மூலை. செங்கோடன் ஒரு மூலையில் வெல்டு வைத்தார், சென்னியப்பன் ஒன்று, நாச்சிமுத்து ஒன்று.

நாலாவது மூலைக்குச் சென்னியப்பன் குனிந்தபோது, “இரு, அது என்ற முறை” என்றார் பொங்கியண்ணன். கையை நீட்டி வெல்டிங் பிடியை வாங்கி, கால் இடுக்கில் விட்டு, தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து வெல்டு வைத்தார். பிறகு சீட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

“ஆடுதுங்களா?” என்று கேட்டார் செங்கோடன்.

“இல்லீங். இந்த சென்மத்துக்கு ஆடாது.”

“அப்பச் செரி.”

“செரி, கதவைத் தொறங்க. எறங்கறேன்” என்றார் பொங்கியண்ணன்.